மரச்சிற்பத்தில் ஆசான் என்று யாரைச் சொல்வது?

(நம் பிள்ளையார் சன்னதிக் கதவு பற்றிப் பொதுக்குழு கூடுவதற்கு முன், சமூகக் கூடத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் சன்னதிக் கதவை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கதவு என்பதில்தான் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. இயந்திரத்தில் வெட்டிய கதவு என்றால் பத்து நாளில் வந்துவிடும், விலையும் குறைவு. கையால் செதுக்கிய கதவு என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் கூடும். "இரண்டிலும் அதே தாமரை, அதே யானைதானே, எதற்கு அதிகப் பணம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் சிற்பி இல்லை. முப்பது வருடம் மரக்கடை நடத்தியவன். கட்டை வாங்க வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதில் யார் தொழில் தெரிந்தவர், யார் ஆசான் என்பது கட்டை எடுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

சாதாரணமாக வருகிறவர் அளவைச் சொல்வார், விலையைக் கேட்பார். ஆசான் முதலில் கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்ப்பார். வைரம் எங்கே தொடங்குகிறது, வெள்ளை எவ்வளவு இருக்கிறது, கணு எங்கே ஒளிந்திருக்கிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். பிறகு கையால் தட்டிப் பார்ப்பார். வாங்கிக்கொண்டு போனதும் உளியை எடுத்துவிட மாட்டார். நிழலில் அடுக்கிக் காய விடுவார்.

இதற்குக் காரணம் உண்டு. மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. வளையங்களின் சுற்றுப் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் முழு உருளைக் கட்டை காயும்போது மையத்திலிருந்து பிளக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு இறுகுவதும், ஏசி அறையில் மரச்சாமான் விரிசல் விடுவதும் இதே கணக்குதான். சரியாகக் காயாத மரத்தில் எவ்வளவு அழகான முகத்தைச் செதுக்கினாலும் ஒரு கோடையில் நெற்றியில் வெடிப்பு விழும். மரத்தின் இந்தக் குணத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் ஆசானுக்கு முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் அளவு. நம் சிற்ப மரபில் தாளமானம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். இதைக் கேட்டதும் ஸ்கேலில் இருக்கும் அங்குலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். உத்தம தச தாளம் என்ற அளவில் சிவன், விஷ்ணு போன்ற மூர்த்திகளைச் செய்யும்போது, செய்யப்போகும் உருவத்தின் உயரத்தை 124 சம பங்காகப் பிரிப்பார்கள். அதில் ஒரு பங்குதான் அந்த உருவத்துக்கு ஓர் அங்குலம். ஆகவே ஒரு சாண் உருவத்துக்கும் ஆள் உயர உருவத்துக்கும் அங்குலம் வேறு, விகிதம் ஒன்று. நம் பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம். அதனால்தான் குட்டையான உடலும் பெரிய தலையுமாக, பார்த்தவுடன் ஒரு குழந்தையைப் போல நமக்குத் தோன்றுகிறார்.

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் யாரும் படிக்கலாம். ஆனால் கட்டையில் கணு வந்து நிற்கும் இடத்தில் தோள் வர வேண்டியிருக்கும். அப்போது என்ன செய்வது என்று புத்தகம் சொல்லாது. களிமண்ணில் தவறினால் இன்னும் கொஞ்சம் அப்பிக்கொள்ளலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். பசையும் மரத்தூளும் வைத்து அடைத்தால் இரண்டு வருடத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கணுவை எந்த இடத்துக்குத் தள்ளுவது, எந்த வளைவில் மறைப்பது என்பதை முதல் வெட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வெட்ட வேண்டிய இடம் எல்லாருக்கும் தெரியும், நிறுத்த வேண்டிய இடம் ஆசானுக்குத் தெரியும்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாகச் சேர்ந்த பையன் கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பான். ஆசான் அடிக்கும் சத்தமே பெரிதாகக் கேட்காது. பலத்தில் செய்ய வேண்டியதைத் தீட்டிய உளி செய்துவிடும். நாருக்கு எதிராக உளி போனால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். நாரோடு போனால் சீவல் சுருண்டு விழும். ஒரே இலையைச் செதுக்கும்போதே நார் திரும்பும் இடத்தில் ஆசானின் கையும் திரும்பும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அதைச் செய்வார்.

நம் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத இடங்களிலேயே இந்தத் தொழில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர், பச்சைமலைக்குப் பக்கத்தில். வாகை, வேம்பு, மா போன்ற மரங்களில் பெரும்பாலும் ஒரே கட்டையிலிருந்து சாமி உருவங்களும் வாகனங்களும் கதவு வேலைகளும் செய்கிறார்கள். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் இதே வேலைக்குப் பெயர் பெற்ற ஊர்.

பட்டங்களும் இருக்கின்றன. கைவினைக் கலைஞர்களுக்கு மத்திய அரசு 1965 முதல் தேசிய விருது தருகிறது. 2002 முதல் சில்ப் குரு என்ற உயர்ந்த விருதும் உண்டு. பூம்புகார் நிறுவனம் மூத்த கலைஞர்களுக்கு வாழும் கைவினைப் பொக்கிஷம் என்ற விருது தருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒருவரை ஆசான் ஆக்குவது அது மட்டுமில்லை. தச்சரை நாம் ஆசாரி என்கிறோமே, அது ஆசாரியர் என்ற சொல்தான். சொல்லித் தருகிறவர் என்று பொருள். வேலை தெரிந்தால் தச்சர், வேலையை இன்னொரு கைக்குக் கொடுத்தால்தான் ஆசாரி. முன்பு இது பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி, இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே கல், உலோகம், மரம் என்று தனித்தனியாகப் பட்டப் படிப்பே படிக்கலாம்.

கைமாறுவது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கிரின்லிங் கிப்பன்ஸ் என்பவர் 1648-இல் பிறந்து 1721-இல் மறைந்த மரச்சிற்பி. லைம் என்ற மென்மையான மரத்தில் பூ, பழம், இலை என்று மூச்சு விட்டால் அசையும் போலச் செதுக்கியவர். 1986-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தீப்பிடித்து, சுவரில் தொங்கிய அவருடைய ஏழடி நீளச் சிற்ப வேலை ஒன்று முழுவதும் எரிந்துபோனது. அதே போல மறுபடி செய்ய வேண்டும். கிப்பன்ஸ் இறந்து 265 வருடம் ஆகியிருந்தது. அவர் கைவழி எப்போதோ அறுந்துவிட்டது. கடைசியில் அந்த வேலை டேவிட் எஸ்டர்லி என்ற அமெரிக்கரிடம் போனது. அவர் இலக்கியம் படித்தவர். லண்டன் தேவாலயம் ஒன்றில் கிப்பன்ஸின் வேலையைப் பார்த்து மயங்கி, ஆசான் இல்லாமல் தானே கற்றுக்கொண்டவர். அந்த ஒரே ஒரு துண்டைச் செய்ய அவருக்கு ஒரு வருடம் ஆனது. உப்புத்தாள் இல்லாத காலத்தில் கிப்பன்ஸ் எப்படி மரத்தை வழவழப்பாக்கினார் என்பதைக்கூட, பழைய சிற்பங்களில் இருந்த மெல்லிய கீறல்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பான ஒரு செடியின் தண்டைத் தேய்ப்பாராம். பட்டறையில் இருந்த பையன் ஒருவன் ஒரே நாளில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம் அது.

நமக்கு அந்த நிலை வரவில்லை. சொல்லித் தர ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்குப் பையன் வருவதும் வராததும் ஆர்டரைப் பொறுத்தது. நல்ல கை அமைய வருடக்கணக்கில் ஆகும். அந்த வருடங்களில் அவன் செதுக்கிப் பழகுவது பூக்கரையும் இலைக்கொடியும் தாமரையும்தான். அதாவது நம்மைப் போன்றவர்கள் கேட்கும் கதவு வேலை. சாமி முகம் பிறகுதான் அவன் கைக்கு வரும், கண் திறப்பதை ஆசான் தன் கையிலேயே வைத்துக்கொள்வார். கதவு வேலையெல்லாம் இயந்திரத்துக்குப் போய்விட்டால், கோயில் தேருக்கும் வாகனத்துக்கும் நாளை கை எங்கிருந்து வரும்?

இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டு அலமாரிக்கு அது போதும். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சில சமயம் இயந்திர வேலையைக் கைவேலை என்று சொல்லியும் விற்கிறார்கள். எந்தக் கதவைப் பார்த்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

1. இலைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். மேலிருந்து மட்டும் வெட்டும் சாதாரண இயந்திரத்தால் அடிப்பக்கம் குடைய முடியாது. கைவேலையில் இலை தூக்கி நிற்கும்.

2. ஒரே மாதிரிப் பூக்கள் இரண்டை ஒப்பிடுங்கள். இயந்திரத்தில் அச்சு அசலாக இருக்கும். கைவேலையில் அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

3. உள்மூலைகளைப் பாருங்கள். சுழலும் முனை வெட்டிய மூலை உருண்டையாக இருக்கும். உளி வெட்டிய மூலை கூராக இருக்கும்.

4. என்ன மரம், எத்தனை மாதம் காய்ந்தது என்று கேளுங்கள். எம்டிஎஃப் பலகை என்றால் சன்னதிக்கு வேண்டாம். அபிஷேகத் தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

5. சிற்பப் பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். விரியவும் சுருங்கவும் இடம் இருந்தால்தான் பலகை பிளக்காது.

6. யார் செதுக்கினார்கள், பட்டறையில் எத்தனை பேர் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசான் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

பராமரிப்பும் கடினமில்லை. ஈரத்துணி வேண்டாம். மென்மையான பிரஷால் வாரம் ஒரு முறை தூசு தட்டினால் போதும். கற்பூரப் புகை நேராகப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுக்குழுவில் நீங்கள் எந்தக் கதவுக்குக் கை தூக்கினாலும் எனக்கு வருத்தமில்லை. பட்ஜெட்டின் கஷ்டம் எனக்கும் தெரியும். முழுக்கதவுக்கும் முடியாவிட்டால், மேலே பிள்ளையார் வரும் பலகை ஒன்றை மட்டுமாவது கைவேலையாகச் செய்து, மீதியைச் சாதாரணத் தேக்குச் சட்டமாக விடலாம் என்பது என் யோசனை. நம் பிள்ளைகள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வரலாம். வேன் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.