எக்ஸ்பி இன்னும் ஓடுகிற கடைகள்

மும்பை மாஹிம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி தொடங்கிவிடும். அறுபது அடி ரோட்டிலும் தொண்ணூறு அடி ரோட்டிலும், அவற்றிலிருந்து பிரியும் கல்லிகளிலும், தமிழில் டிடிபி செய்து தரும் சின்னச் சின்னக் கடைகள் உண்டு. கல்யாணப் பத்திரிகை, அம்மன் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பில் புத்தகம் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. அவற்றில் சில கடைகளில் வேலை இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்பியில் நடக்கிறது. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பியை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. அதற்குப் பிறகும் அதைத் தடங்கல் இல்லாமல் ஓட வைப்பது ஒரு கைத்தேர்ச்சி. நான் மிகவும் மதிக்கும் அந்தத் தேர்ச்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

'புதுசு வாங்கக் காசு இல்லாமல்தான் பழசை வைத்திருக்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். காசும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான காரணம், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான ஏழு, 2001-இல் வந்தது. அதற்கு யூனிகோடு தெரியாது. பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்து வேலை செய்பவை. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பாமினி ஃபைலைத் திறந்தால், 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். இருபது வருஷமாகச் சேர்ந்த பத்திரிகைகளும் கோயில் மலர்களும் சங்க ஆண்டறிக்கைகளும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களின் கல்யாணமும் சாவும் கொடையும் அந்த ஹார்டு டிஸ்க்குகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் இந்த மெஷின்களைக் காப்பாற்றுவது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

நல்ல ஆபரேட்டர் முதலில் செய்வது கழித்தல். எக்ஸ்பியின் நீலப் பட்டையும் பச்சை ஸ்டார்ட் பட்டனும் பார்க்க அழகுதான். ஆனால் 512 எம்பி ராம் உள்ள மெஷினுக்கு அவையும் ஒரு சுமை. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸைத் திறந்து, எல்லா டிக்கையும் எடுத்துவிடலாம். நிழல், வழுக்கி வரும் மெனு எல்லாம் போய் சாம்பல் நிறத் திரை வரும். மெஷின் உடனே சுறுசுறுப்பாகும். ஆனால் எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் டிக் ஒன்றை மட்டும் திரும்பப் போட்டுவிட வேண்டும். அது இல்லாவிட்டால் சின்ன அளவில் ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்று போலத் தெரியும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும். தமிழில் புரூஃப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு டிக் எவ்வளவு உதவி என்பது தெரியும்.

அடுத்தது, மெஷினை ஆன் செய்ததும் கேட்காமல் எழுந்திருக்கும் புரோகிராம்கள். ஸ்டார்ட், ரன், எம்எஸ்கான்ஃபிக் என்று போனால் ஸ்டார்ட்-அப் பட்டியல் வரும். பிரிண்டருக்கும் ஆன்டி-வைரஸுக்கும் வேண்டியதை விட்டுவிட்டு மற்றதை நிறுத்தலாம். எது என்னவென்று தெரியாவிட்டால் தொட வேண்டாம். ஒன்றை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, வேலை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஃபான்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிடைத்த ஃபான்ட்டையெல்லாம் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கொட்டி வைப்பது பெரிய தவறு. மெஷின் எழுந்திருக்க நேரமாகும், பேஜ்மேக்கரில் ஃபான்ட் பட்டியல் திறக்கவே தாமதமாகும். அதைவிட ஆபத்து, ஒரே பெயரில் வேறு வேறு குறியீட்டோடு இரண்டு ஃபான்ட் வந்து சேர்வது. நேற்றுவரை சரியாக இருந்த பத்திரிகையில் இன்று எழுத்துகள் மாறி நிற்கும். தினம் புழங்கும் ஃபான்ட்டுகளை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றவற்றை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைப்பதே சரி. ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய ஃபான்ட் ஃபைலோடு சேர்த்தே சேமிப்பது இன்னும் நல்லது. பத்து வருஷம் கழித்து இளைய மகள் கல்யாணத்துக்கு மூத்தவளின் பத்திரிகையைத் தேடி வருகிறவருக்கு அப்போது பதில் சொல்ல முடியும்.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழும் வரும். லதா ஃபான்ட் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான டிக்கைப் போட வேண்டும். அப்போது மெஷின் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் சிடி கீறல் விழுந்திருக்கும், அல்லது டிரைவே படிக்காது. சிடி படிக்கிற காலத்திலேயே அதை முழுசாக டி டிரைவில் காப்பி செய்து வைத்துவிட வேண்டும். பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர் சிடிகளுக்கும் இதே கதிதான்.

இனி நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாத ஒரு விஷயம். எக்ஸ்பி மெஷினில் இன்டர்நெட் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, ஆதரவை நிறுத்தி மூன்று வருஷமாகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது. அவ்வளவு பெரிய ஆபத்து அது. ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நெட்வொர்க் ஒயரைக் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் வரும் படத்தையும் பிடிஎஃப்பையும் வேறொரு மெஷினில் வாங்கி, 300 டிபிஐ டிஃப் ஃபைலாக மாற்றி, கடைக்கென்று ஒதுக்கிய பென் டிரைவில் மட்டும் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை நேராகச் செருகவே கூடாது. அவசரத்துக்குச் செருகியே ஆக வேண்டுமென்றால் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு செருகினால் ஆட்டோரன் ஓடாது. அதுவும் முழுக் காப்பு ஆகாது. அந்த இன்னொரு மெஷினில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் செலவும் இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸில் தமிழ் நன்றாக வரும்.

மாஹிமில் சாஃப்ட்வேர் பாதி, காற்று பாதி. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு ஈரம் ராம் ஸ்டிக்கின் மஞ்சள் பற்களில் படியும். மெஷின் ஆன் ஆகிறது, திரை வரவில்லை, விட்டு விட்டு பீப் சத்தம் கேட்கிறது என்றால் பதற வேண்டாம். கரன்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பல சமயம் எழுந்துவிடும். பக்கத்தில் தையல் யூனிட் இருந்தால் பஞ்சுத் துகள் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். அதை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக்கூடாது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போனால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. மாற்றாமல் விட்டால் பில்லில் தவறான தேதி விழும்.

மழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில்தான் கடலோடு சேர்கிறது, ஆற்றுத் தண்ணீர் இந்தப் பகுதிகளுக்குள் புகுந்தது. சிபியுவைத் தரையில் வைக்கவே கூடாது. ஜூன் பிறப்பதற்குள் மேஜைக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி, விஷயம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடும் ஒரு நல்ல நாளில், க்ளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருளால் மொத்த டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பழைய ஐடிஇ டிஸ்க் லாமிங்டன் ரோட்டில் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிரதி இருந்தால் வேறொரு கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை எழுப்பவும் வழி உண்டு. அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும், ஆனால் பழைய ஃபைல்களுக்கு அது நீண்ட ஆயுள் தரும்.

மூலப் பிரதியைத் தொடாமல், முக்கியமான வேலைகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். பாமினியிலிருந்து மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சரியாக மாறியிருக்கின்றனவா என்று குறிப்பாகக் கவனியுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதனால் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வீட்டில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நேயர்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். பாங்க் வேலையை அதில் செய்வதை நிறுத்துங்கள். போட்டோக்களையும் பத்திரங்களையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஃபைல் திறக்கிறதா என்று பாருங்கள்.