பங்குக் கிணறும் வீட்டு இணையமும்

சென்ற ஆண்டு தை மாதத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். இருபது ஆண்டுகள் வாழ்ந்த வாடகை வீட்டினின்றும் வெளியேறி, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் எழுந்த தொடர்மாடியின் ஐந்தாம் தளத்துக்கு வந்து சேர்ந்தோம். பால் காய்ச்சியாயிற்று, சுவாமிப் படம் வைத்தாயிற்று, தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காயின. முற்காலமாயின் புதுமனை புகுதல் அத்துடன் நிறைவுற்றிருக்கும். இக்காலத்தில் இன்னும் ஒன்று வேண்டியிருக்கின்றது. "இணையம் எப்போது வரும்?" என்பதே புது வீட்டில் பிள்ளைகள் கேட்ட முதற் கேள்வி.

வீட்டில் நாங்கள் அறுவர். என் தாயார், நான், என் மனைவி, உயர்தரம் பயிலும் மகள், மகன், எங்களுடன் தங்கிப் பல்கலைக்கழகம் செல்லும் என் தங்கையின் மகன். அறுவருக்கும் இணைப்பு ஒன்றே.

குறித்த நாளில் ஊழியர் ஒருவர் வந்தார். பழைய வீட்டில் இருந்தது செப்புக் கம்பி. இங்கு வந்ததோ ஒளியிழை. மயிரிழை போன்ற கண்ணாடியினூடே ஒளி பாய்ந்து செய்தியைக் கொண்டுவருகின்றது. கடற்காற்றில் செம்பு களிம்பேறும், கண்ணாடி களிம்பேறாது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வாயிற்கதவின் அருகே, வடம் நுழைந்த இடத்திலேயே, றவுட்டர் என்னும் சிறு பெட்டியைப் பொருத்திவிட்டு அவர் விடைபெற்றார். பச்சை விளக்கு ஒளிர்ந்தது. எல்லாம் நன்றாக முடிந்தன என்று நானும் எண்ணினேன்.

என் இளைய சகோதரன் ரொறன்ரோவில் வாழ்கின்றான். ஞாயிறுதோறும் மாலை 7 மணிக்கு, அங்கே காலை 8.30 ஆகும் வேளையில், தாயாருடன் முகம் பார்த்துப் பேசுவது அவன் வழக்கம். 6.30க்கே அம்மா தலை வாரி, வெள்ளைச் சேலை உடுத்தி, கடலோரமுள்ள தம் அறையில் கைத்தொலைபேசியுடன் அமர்ந்துவிடுவார். புது வீட்டில் மூன்று ஞாயிறுகள் அப்பேச்சு இடையிலேயே அறுந்தது. அம்மா எவரிடமும் முறையிடவில்லை. நான் கேட்டபோது, "அவனுக்கு வேலை கூடிப்போச்சுது போலை, தம்பி. விடு," என்றார்.

நான்காம் வாரம் தம்பி என்னை அழைத்தான். "அம்மாவுக்கு என்னிலே ஏதும் கோபமோ, அண்ணை? கதைச்சுக்கொண்டிருக்கேக்கை வைச்சுப்போடுறா," என்றான்.

மகன் தன்னைத் தவிர்க்கின்றான் என்று தாயும், தாய் தன்மேல் சினம் கொண்டாள் என்று மகனும் எண்ணி ஒரு மாதம் மனம் நொந்திருக்கின்றனர். வீட்டுத் தலைவனாகிய நானோ பச்சை விளக்கைப் பார்த்து அமைதியாய் இருந்திருக்கின்றேன்.

நான் கலைப் பட்டதாரி. கம்பியும் கருவியும் என் துறையல்ல. ஆயினும் மருமகனை அருகிருத்திக் காரணத்தை ஆராய்ந்தேன். காரணங்கள் இரண்டு.

முதலாவது, சுவர். பெட்டியிலிருந்து கைத்தொலைபேசிக்குச் செல்வதும் ஒருவகை வானொலி அலையே. இரு அலைவரிசைகளை அப்பெட்டி பயன்படுத்துகின்றது. 5 கிகாஹேட்ஸ் அலை விரைவானது. ஆயின் சுவரைக் கடப்பதில் வலுக்குன்றுவது. 2.4 கிகாஹேட்ஸ் அலை தொலைவு செல்லும், ஆயின் மெதுவானது. அதே அலையில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் அயல்வீட்டாரும் நெருக்குண்கின்றனர். வாயிலுக்கும் அம்மாவின் அறைக்கும் இடையே மூன்று கொங்கிறீற் சுவர்கள் இருந்தன. நீண்ட வடம் ஒன்றை வாங்கிப் பெட்டியை வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் வைத்தோம். இரும்பு அலுமாரியையும் விலக்கினோம். இதற்கான செலவு சிறிது.

இரண்டாவது காரணமே பெரிது. அது பங்கீடு.

வானொலியின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய 1925ஆம் ஆண்டு தொட்டு இன்றுவரை, ஒருவர் புதிதாகக் கேட்கத் தொடங்குவதால் மற்றொருவரின் ஒலி குறைந்ததில்லை. என் சிறுவயதில் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பெட்டி பாடும், அயலெல்லாம் கேட்கும். இணையமும் அத்தகையதே என்று நாம் மயங்குகின்றோம். அது வானொலி அன்று, கிணறு. வரும் ஊற்று அளவுள்ளது. ஒருவர் வாரி இறைத்தால் மற்றவருக்கு வற்றும். தெளிவான திரைப்படம் ஒன்று நொடிக்கு 5 மெகாபிற் அளவில் இழுக்கின்றது. ஒரு மணி நேரத்தில் 3 கிகாபைற் வரை கரைகின்றது. முகம் பார்த்துப் பேசுவோர்க்கு வரும் வழி மட்டுமன்றிப் போகும் வழியும் வேண்டும். பல இணைப்புகளில் போகும் வழியே குறுகியது. ஞாயிறு 7 மணிக்கு என் மகன் திரைப்படம் பார்த்தான். அதே நேரத்தில் மருமகன் பெரிய கோப்புகளை அனுப்பினான். இருவரும் குற்றவாளிகளல்லர். முறை வகுக்காதவன் நானே.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதிகளில் பரப்பும் எல்லையும் எழுதியபின், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவதுண்டு. பல தோட்டங்களுக்கு ஒரு கிணறு, இறைப்புக்கு முறை. முறை தவறினால் பயிரும் வாடும், உறவும் வாடும். கல்வியறிவு குறைந்த நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். பாடசாலை நடத்தும் நான் மறந்திருந்தேன்.

அன்றிரவே அறுவரும் கூடினோம். மகள் தாளில் எழுதினாள். மாலை 5 முதல் 7 வரை பாடங்களுக்கு முதலிடம். ஞாயிறு 7 முதல் 8 வரை அப்பம்மாவுக்கு. பெரிய கோப்புகளும் திரைப்படங்களும் இரவு 10 மணிக்குப் பின். அடுத்த வீட்டுப் பிள்ளை பாடத்துக்கு இணைப்புக் கேட்டபோது, எங்கள் கடவுச்சொல்லைக் கொடாது, விருந்தினர்க்கென்று தனி வாயில் அமைத்துக் கொடுத்தோம். கிணற்றடிக்கு வருபவர் வீட்டின் உள்ளறைக்கு வரவேண்டியதில்லை அன்றோ? மின்சாரம் நின்றால் பெட்டியும் உறங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டுக் கண்டவர்கள் நாம். ஆதலால் சிறு மின்கலம் ஒன்றையும் இணைத்தோம்.

பங்கிடும் மனம் இருப்பின் ஒரு கிணறு ஊருக்கும் போதும். 1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன் இணையத் திட்டம் ஒன்றை நடத்திற்று. நேயர்கள் வினாக்களை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, மக்களுக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பினர். வீட்டில் கணினி இல்லாதோரும் அவ்வூற்றில் பருகினர்.

புது வீட்டுக்குச் செல்லும் அன்பர்களே, எத்தனை மெகாபிற் என்று கேளுங்கள். எவ்விடத்தில் பெட்டி என்றும் கேளுங்கள். அவற்றோடு, வீட்டில் குரல் தாழ்ந்தவர் எவர், அவர் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். உரத்துக் கேட்பவர்க்கு எப்படியும் கிடைத்துவிடும்.

ஐந்தாம் ஞாயிறு அம்மாவின் பேச்சு 40 நிமிடங்கள் அறாது நீடித்தது. முடிந்தபின் அவர் வெளியே வந்து, எவரையும் பாராது, "அவன் மெலிஞ்சு போனான்," என்று மட்டும் சொன்னார். அவன் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கின்றது என்று அறிந்தேன்.