பல் பிடுங்கிய பாம்பு



காது மடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கு உப்பிக்கொண்டு நிற்குமே, அந்த இடம். உமிழ்நீர் சுரக்கும் பெரிய சுரப்பி ஒன்று அங்கே இருக்கிறது. நல்லபாம்புக்கும் ஏறக்குறைய அதே இடத்தில், கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும், ஒரு சுரப்பி உண்டு. விஷப்பை என்று நாம் சொல்வது அதைத்தான். பை என்றதும் தனியாகத் தொங்கும் சுருக்குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். வாய்ச் சுரப்பியாக இருந்து, பல கோடி ஆண்டுகளில் விஷம் சுரக்கப் பழகிக்கொண்ட உறுப்பு அது. அதை ஒட்டியுள்ள தசை இறுகினால், மெல்லிய குழாய் வழியாக விஷம் முன்பல்லுக்கு இறங்கும். பல்லில் இருக்கும் துளை வழியாக இரையின் உடம்புக்குள் போகும்.

இந்தச் சுரப்பியைக் கத்தி வைத்து அறுத்து எடுத்துவிடும் வழக்கம் ஒன்று உலகில் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஷப் பாம்பு வளர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் செய்கிற, செய்விக்கிற வேலை இது. அப்படி அறுக்கப்பட்ட பாம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெனமாய்டு'. சிலர் சுரப்பியை முழுதாக எடுப்பார்கள். சிலர் குழாயை மட்டும் வெட்டிக் கட்டிவிடுவார்கள். சுரப்பி போன இடம் குழிந்து தலை அழகு கெட்டுவிடுமே என்று, அங்கே சிலிகோன் துண்டு வைத்துத் தைப்பவர்களும் உண்டு. பாம்பு பார்க்கப் பயங்கரமாக இருக்க வேண்டும், ஆனால் பயங்கரமாக இருக்கக் கூடாது! ஆசையின் அளவு அவ்வளவு.

இதைக் கேட்டு நாம் அந்நியரைப் பழித்துவிட்டுப் போக முடியாது. நம்மிடம் கத்திக்குப் பதில் கந்தல் துணி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'பல் பிடுங்கிய பாம்பு' என்று பதவி போன பெரிய மனிதரைச் சொல்கிறோம். சொல்கிறபோது யாருக்கும் பாம்பு ஞாபகத்துக்கு வருவதில்லை. எனக்கு வரும். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு பாம்பாட்டி வருவார். மூங்கில் கூடை, மகுடி, தோளில் ஒரு துணி மூட்டை. மகுடியைக் கீழே வைத்துவிட்டு, படமெடுத்து நின்ற பாம்பைப் பிடித்து, கட்டைவிரலால் வாயை அகட்டிக் காட்டுவார். "பாத்துக்குங்க சாமி, பல்லு இல்ல" என்பார். உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும்; ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கட்டியிருக்கும். வெற்றிலை போட்ட பாட்டி வாய் மாதிரி இருக்கிறது என்று நாங்கள் சிரித்தோம். அந்த வெள்ளை சீழ் என்று எனக்கு விளங்க இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

துணியைக் கடிக்கவிட்டு வெடுக்கென்று இழுத்தால் பல் கழன்று வந்துவிடும். ஆனால் பாம்புக்குப் பல் அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையில் காத்திருக்கும். சில வாரங்களில் புதுப்பல் இறங்கிவிடும். திரும்பவும் பிடுங்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று வாயைத் தைத்துவிடுபவர்கள் உண்டு. வடக்கே நாக பஞ்சமி சமயத்தில் மீட்கப்படும் நல்லபாம்புகளில் வாய் தைக்கப்பட்டவையும் இருக்கின்றன. அந்த வாயில்தான் பால் ஊற்றிப் புண்ணியம் தேடுகிறார்கள். பால் பாம்பின் உணவே இல்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால், முன்னால் எதை வைத்தாலும் அது குடிக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்பாட்டித் தொழில் மெல்ல ஒடுங்கியது. பாம்பாட்டியின் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவருக்கு அது சோறு. கோபப்படுவதானால், சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாகத்தை வைத்துக்கொண்டு, அதன் தலையைக் கீறச் சொல்கிறவர் மேல்தான்.

அவர் தரப்பையும் கேட்போம். "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாம்பு தப்பித்தால் என்ன ஆவது? பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு விஷம் எதற்கு? செத்த எலியைத்தானே போடுகிறேன்" என்பார் அவர். இதில் கடைசி வாதம் சொத்தையானது இல்லை. விஷம் இரையைக் கொல்வதோடு அதைச் செரிக்கவும் உதவுகிறது, ஆகவே சுரப்பியை எடுத்தால் பாம்பு செரிக்க முடியாமல் வாடும் என்று இந்த அறுவையை எதிர்ப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ஒரு வகைக் கிலுகிலுப்பைப் பாம்பை வைத்துச் செய்து, 2007இல் வெளியிட்ட ஆய்வில், விஷம் ஏறிய எலியைத் தின்ற பாம்புக்கும் ஏறாத எலியைத் தின்ற பாம்புக்கும் செரிமானத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை. நம் பக்கம் நிற்கிறது என்பதற்காக ஒரு பலவீனமான வாதத்தைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. அதை விட்டுவிடுவோம்.

வலிக்கு வருவோம். இந்த அறுவையைச் செய்தவர்களில் பலர் கால்நடை மருத்துவர்கள் இல்லை. கற்றுக்குட்டிகள். மயக்க மருந்து கொடுக்கத் தெரியாதவர்கள், பாம்பைக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கவிட்டுக் கீறினார்கள். குளிர்ந்த பாம்பு அசையாது. ஆனால் அசையாததும் வலிக்காததும் ஒன்றல்ல. குளிரவைப்பதை மயக்கமாகக் கருதுவதை ஊர்வன மருத்துவர்கள் இன்று கண்டிக்கிறார்கள். பாம்பிடம் ஒரு சங்கடம் உண்டு. நாய்க்கு வலித்தால் ஊளையிடும், பூனை கத்தும். பாம்பு சீறும், அதுவும் கோபத்தில்தான். வலியில் எழுப்ப அதற்குக் குரல் இல்லை. வானொலியில் அதன் துன்பத்தை உங்களுக்குக் கேட்கவைக்க என்னால் முடியாது.

சரி, தேர்ந்த மருத்துவர், முறையான மயக்கம், வலிநிவாரணி, சுத்தமான கத்தி என்று வைத்துக்கொள்வோம். அப்போது சரியாகிவிடுமா? என் மனத்தில் இந்தக் கேள்விதான் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துகிறோம், காளைக்குக் காயடிக்கிறோம், தெருநாய்க்குக் கருத்தடை செய்கிறோம், பாம்புக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாடும் நாயும் பல ஆயிரம் ஆண்டுகளாக நம்மோடு ஒரே வாசலில் கிடக்கின்றன. சேர்ந்து வாழ்வதற்காக நாம் அவற்றுக்குச் செய்கிற சிலவற்றை நியாயப்படுத்தலாம், சிலவற்றை முடியாது. மூக்கணாங்கயிற்றைப் பற்றியே எனக்கு முழு நிம்மதி இல்லை. ஆனால் நாகத்தோடு ஓர் அறையில் வாழ வேண்டிய கட்டாயம் உலகத்தில் எவருக்கும் இல்லை. பாம்பு நம் வீட்டுக்கு வேலை தேடி வரவில்லை. அதை விலை கொடுத்து வாங்கிவந்தது நாம். வாங்கியதே அது ஆபத்தானது என்பதற்காக. அந்த ஆபத்தின் பெருமை நமக்கு வேண்டும், அதற்கான விலையை மட்டும் பாம்பு தன் தலையில் கீறல் வாங்கிக் கட்ட வேண்டும். எவ்வளவு நல்ல மருத்துவரும் இந்தக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. சுரப்பியில் கட்டியோ சீழோ வந்து பாம்பைக் காப்பாற்ற எடுக்கிறார்கள் என்றால், அது வைத்தியம். அதில் எனக்கு மறுப்பில்லை.

சட்டமும் சில இடங்களில் இந்தப் பக்கமாக நகர்ந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, மருத்துவத் தேவை இல்லாமல் ஒரு விலங்கின் உணர்வுள்ள திசுவில் கைவைத்து அறுப்பது குற்றம். பூனையின் நகத்தை எலும்போடு எடுக்கும் அறுவையை நியூயார்க் மாநிலம் 2019இல் தடைசெய்தது. சோபா கிழிகிறது என்பதற்காகப் பூனையின் விரல்நுனியை வெட்டுகிற வேலை அது. பாம்பின் கதையும் அதே சாதிதான்.

அறுத்துவிட்டால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. சுரப்பியில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது சுரக்கும். வெட்டிய குழாய்க்குப் பதில் புதுவழி பிறக்கலாம். அறுத்தாயிற்று என்று நம்பப்பட்ட பாம்பு கடித்து விஷம் ஏறியதும் நடந்திருக்கிறது. ஓர் எலியைக் கடிக்கவிட்டுச் சோதித்தோம் என்பார்கள். விஷமுள்ள பாம்பே சில சமயம் விஷம் இறக்காமல் வெறுங்கடி கடிக்கும் என்பது பாம்பு பிடிக்கிற எவருக்கும் தெரியும். எலி பிழைத்தது ஒன்றையும் நிரூபிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் அறுத்த பாம்புக்கும் அறுக்காத பாம்புக்கும் பல சமயம் வித்தியாசமும் தெரியாது. கை மாறி விற்கப்பட்டாலோ, பெட்டியிலிருந்து நழுவினாலோ, அடுத்தவர் எதை நம்புவது? கடிபட்டவர், "இது அறுத்த பாம்புதானே" என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம் போதும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விஷ ஊர்வன வளர்க்க உரிமம் வேண்டுமானால் 1000 மணி நேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். எனக்கு அது பிடித்த விதி. ஆபத்தைக் கையாளத் தகுதி வேண்டியது மனிதனுக்குத்தான் என்று அது சொல்கிறது. அதே புளோரிடாவில் பில் ஹாஸ்ட் என்று ஒருவர் இருந்தார். மியாமியில் பாம்புப் பண்ணை நடத்தியவர். சீட்டு வாங்கி வந்தவர்கள் முன்னால், வெறுங்கையால் நாகத்தைப் பிடித்து விஷம் எடுப்பார். 170 தடவைக்கு மேல் கடிபட்டார். விரல்களில் ஊனம் பட்டது. 2011இல் தம் 100ஆவது வயதில் இறந்தார். அவர் செய்தது எல்லாம் எனக்கு உவப்பில்லை. காட்சி காட்டுவதே பாதி என்று தோன்றும். ஆனால் ஆபத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பாம்பின் தலைக்கு மாற்றவில்லை.

அந்தப் பண்ணையில் 1960களில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். ரோமுலஸ் விட்டேக்கர். பின்னாளில் சென்னைக்கு வந்து 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர் அவர்தான். அப்போது இருளர் பழங்குடியினர் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றுவந்தார்கள். சட்டம் அந்த வியாபாரத்தை அடைத்தபோது, கைநிறைய வித்தையும் வெறும் வயிறுமாக நின்றார்கள். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது அதன் இடம். மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அந்த இருவரும் இந்த வித்தை தெரிந்த இருளர்கள்தான்.

சங்கத்துக்குப் போனால் வாய் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பாம்பு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கொக்கியால் தூக்கி, தலையைப் பிடித்து, மெல்லிய படலம் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைப்பார்கள். இரண்டு மூன்று சொட்டு இறங்கும். அந்த விஷத்தைத்தான் உலர்த்தி, மருந்து நிறுவனங்களுக்கு அனுப்பி, குதிரைக்குச் சிறுகச்சிறுக ஏற்றி, கடிபட்டவருக்குப் போடும் மருந்தாக்குகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இவ்வளவு சாவு நடக்கும் நாட்டில், அறுத்த நாகத்தைக் குழந்தை கையில் கொடுத்து, இது விழிப்புணர்வுக் காட்சி என்று ஒருவர் சொன்னால், அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது நாகத்தைத் தொடலாம் என்பதைத்தான்.

சங்கத்தின் முறையும் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. சில வாரம் பானைக்குள் கிடப்பது பாம்புக்குச் சுகமாக இருக்காது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலங்களில் அதே அளவுக்குக் கேட்பதில்லை என்ற குறையையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது திருத்த வேண்டியது. ஆனாலும் இங்கே விஷம் பாம்பின் சொத்தாகவே இருக்கிறது. மனிதன் ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கொள்கிறான், அவ்வளவே.

உங்கள் தெருவுக்கோ, பிள்ளைகளின் பள்ளிக்கோ, கல்யாண மண்டபத்துக்கோ யாராவது நாகத்தைக் கொண்டுவந்து, இது கடிக்காது என்று சொன்னால், ஏன் கடிக்காது என்று ஒரு கேள்வி கேளுங்கள். காசு போடாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வடநெம்மேலியில் வாரத்துக்கு ஒரு தடவையாக, ஏறக்குறைய நான்கு தடவை விஷம் எடுத்த பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடக் கூடாதே என்று, விடும்போது அடிவயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைக்கிறார்கள். சில தடவை தோல் உரித்ததும் அது மறைந்துவிடும்.