பாடம் சொல்பவருக்கும் பாடம் வேண்டும்

(எழுத்தறிவுப் பணியில் இறங்கியுள்ள மாதர், வாலிபர் ஊழியர்கள் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்.)



உங்களில் பலர் வயது வந்தோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பெயர் பதிந்திருக்கிறீர்கள். செல்போனில் ‘உல்லாஸ்’ செயலியை இறக்கி, இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் படங்களையும் பார்த்து முடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால், படம் பார்த்தாயிற்று, இனி வகுப்பை ஆரம்பித்துவிடலாம் என்று சிலர் கருதுவது சரியல்ல. அதுபற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் சர்க்காரின் கணக்கைப் பார்ப்போம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2022-ல் அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 5 கோடிப் பேருக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். அதில் மத்திய சர்க்கார் பங்கு 700 கோடி. மிச்சம் மாநிலங்களின் தலையில். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு முழுசாக 208 ரூபாய் கூட வரவில்லை! கற்பிப்பவருக்கு என்ன ஊதியம்? அந்தப் பேச்சே கிடையாது. தொண்டு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இதற்கு முன், 2009 முதல் 2018 மார்ச் வரை நடந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில், கல்வி மையத்தைக் கவனித்த ஊழியருக்கு மாதம் 2,000 ரூபாயாவது மதிப்பூதியம் என்றிருந்தது. சொற்பத் தொகைதான். அந்தச் சொற்பமும் போயிற்று.

‘அறிவொளி இயக்கத்திலும் தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லையே’ என்று கேட்பீர்கள். உண்மை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சிலேட்டைப் பிடித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அன்று கருத்தாளர்கள் ஊர் ஊராகப் போய்த் தொண்டர்களுக்கு நேரில் பயிற்சி கொடுத்தார்கள்; சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்தது. அப்படியும், இயக்கம் ஓய்ந்த பிறகு கற்ற எழுத்தை மறந்துபோனவர்கள் அநேகம். தொண்டு உள்ளம் ஒன்றை மட்டும் நம்பினால் எதுவரை போகலாம், எங்கே நின்றுவிடும் என்பதை அந்த அனுபவம் நமக்குக் காட்டியிருக்கிறது.

இணையவழிப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் வராத மலைக்கிராமத்து வாலிபரும் தேர்ந்த ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கலாம். புரியாததைத் திரும்பவும் பார்க்கலாம். இதை ஒதுக்குவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் படத்தில் கேள்வி கேட்க முடியாது. நம் வகுப்பில் எழும் கேள்விகளோ வேறு தினுசானவை.

நாற்பது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார், ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்கிறார். மண்டையில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணில் வெள்ளெழுத்து. கண்ணாடி கொடுத்தால் ‘அ’ தெரியும். இதை அறியாத தொண்டர் அந்த அம்மாளை மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுவார். அரிவாள் பிடித்த கை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், முனை ஒடியும், வெட்கம் வரும். மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார். நாம் வீடு தேடிப் போகவேண்டும்.

கணக்கு விஷயமும் இப்படியே. அவருக்கு மனக்கணக்கு நம்மைவிட நன்றாக வரும், எழுதத்தான் தெரியாது. குழந்தைக்குப் போல ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் அவமானமாக நினைப்பார். குழுக்கடன் அட்டையை எடுத்து வையுங்கள். வாங்கிய கடன் 25,000. வாரம் 600 வீதம் 52 வாரம் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 31,200. அதிகப்படி 6,200 எங்கே போகிறது? இந்தக் கேள்வியை அவரே கேட்டு, அவரே தாளில் எழுதினால், பெருக்கலும் கழித்தலும் வந்துவிடும். கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன இருந்தது என்ற விசாரணையும் ஆரம்பமாகிவிடும். ‘பட்டா’, ‘கூலி’ என்ற சொற்களிலிருந்து எழுத்தைத் தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தது குடும்பம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் 86.77 சதம், பெண்கள் 73.44 சதம். இந்த இடைவெளி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் ஒரே விளக்கடியில் உட்கார வையுங்கள். தாய் தன் கதையைச் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். பிறகு பிள்ளை வாசிக்கும்போது, தான் சொன்ன வார்த்தை எங்கே இருக்கிறது என்று தாய் விரல் வைத்துத் தேடட்டும். இருவருக்கும் படிப்பு நடக்கும். ஆனால் எச்சரிக்கை: மகன் சிரித்துவிட்டால் எல்லாம் கெட்டது. கணவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நேரம் என்பது சாமான்ய விஷயமல்ல. 1919 டிசம்பர் 26-ல் சோவியத் சர்க்கார் எழுத்தறியாமை ஒழிப்பு ஆணையில் லெனின் கையெழுத்திட்டார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய காலம் அது. 8 முதல் 50 வயது வரையில் எல்லோரும் கற்கவேண்டும் என்று சொன்ன அந்த ஆணை, கற்கும் தொழிலாளிக்குக் கூலி குறையாமல் வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்தது. நமது குவாரி முதலாளியும் பீடிக் கம்பெனிக்காரரும் அரை மணி நேரம் விடுவார்களா? கேட்காமல் விடமாட்டார்கள். கற்பிப்பவருக்கு ஊதியம், நேரடிப் பயிற்சி, கற்பவருக்குக் கூலியோடு நேரம்: இந்த மூன்றையும் கோரிக்கை மனுவில் எழுதி, வகுப்பில் கற்பவர்களே கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும்.

அதுவரை சும்மா இருக்கப்போவதில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு தோழரும் வகுப்பெடுக்கும் முன் இரண்டு மாலை, பழகிய ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு நாம் கூடி, யார் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று பெயர் பெயராகப் பேசுவோம். இணையப் படத்தையும் அன்று சேர்ந்தே பார்ப்போம்; நிறுத்தி நிறுத்தி, நம் ஊருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று விவாதிப்போம். வெள்ளெழுத்து உள்ளவர்களின் பட்டியலை வகுப்புவாரியாக எடுத்து, அடுத்த கூட்டத்துக்கே கொண்டுவாருங்கள். கண்ணாடிக்கு ஏற்பாடு செய்த பிறகு சிலேட்டு வாங்கலாம்.