மூல நட்சத்திரம் யாருக்குக் கெடுதி?



நட்சத்திரங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நட்சத்திரம் என்றவுடன் நமக்குப் பஞ்சாங்கந்தான் ஞாபகத்திற்கு வருகிறது. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி எத்தனையோ பெண்களின் கலியாணத்தைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மாமனாருக்கு ஆகாதாம்! ஆகவே, அந்த மூலம் என்பது என்னவென்று முதலில் பார்ப்போம்.

வானத்தில் தேள்போல் தெரியும் கூட்டத்தின் வாற்பக்கத்து நட்சத்திரங்களே மூலம். பெண் பிறந்தபோது சந்திரன் அந்தத் திசையில் இருந்தது; அவ்வளவுதான் சங்கதி. சந்திரன் இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். அந்த நட்சத்திரங்களோ நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால். இன்று நாம் காணும் அவற்றின் ஒளி, அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி பிறக்கும் முன்பே புறப்பட்டதாகும். அதற்கு இந்த மாமனாரின் விலாசம் எப்படித் தெரியும்?

நட்சத்திரங்களில் வகை உண்டு. ஆனால் நல்லது கெட்டது இல்லை. உஷ்ணத்தைக் கொண்டு ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். "ஓ" வகை நீலம். மேற்பரப்பின் உஷ்ணம் 30,000 டிகிரிக்கும் மேல். "எம்" வகை சிவப்பு. சுமார் 3,000 டிகிரி. நம் சூரியனும் ஒரு நட்சத்திரமே. சுமார் 5,500 டிகிரியுள்ள "ஜி" வகை. சித்திரை "பி", திருவாதிரை "எம்". வெறுங்கண்ணாலேயே நிற வித்தியாசம் தெரியும்.

இந்த வரிசையை ஒழுங்குபடுத்தி, சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தியவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி. அவருக்குக் காது சரியாகக் கேளாது!

நட்சத்திரமும் பிறந்து சாகிறது. வாயுவும் தூசியும் தன் பாரத்தாலேயே சுருங்கிச் சூடேறிப் பிறக்கிறது. உள்ளே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால் பிரகாசிக்கிறது. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு இப்படியே ஓடும். பிறகு உப்பிச் சிவந்து, மேலுடம்பை உதறிவிட்டு, வெண்குள்ளனாக ஆறிப்போகும். மிகப் பெரிய நட்சத்திரமோ தன் சொத்தைச் சீக்கிரம் செலவழித்து, சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே வெடித்துச் சாகும். தன் சாவையே தடுக்க முடியாத நட்சத்திரமா மாமனாரைச் சாகடிக்கும்?

நட்சத்திரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று 1925-ல் கண்டு சொன்னவரும் ஒரு பெண்தான்; சிசிலியா பெய்ன் என்பவர். நம் நாட்டு மேக்நாத் சாகா 1920-ல் கண்ட கணக்கைக் கொண்டே அவர் அதை அறிந்தார். ரசல் என்ற பெரிய நிபுணர் அது நடவாத காரியம் என்றார். அந்த அம்மையாரும் தம் முடிவு மெய்யாயிராது என்று எழுத வேண்டியதாயிற்று. ஆனால் 1929-ல் அதே ரசல், வேறு வழியில் கணக்கிட்டுப் பார்த்து, அவர் சொன்னதே சரியென்று எழுதினார். விஞ்ஞானத்தில் பெரியவர் சொல்லும் தவறலாம், தவறினால் திருத்திக்கொள்வார்கள். நம் பஞ்சாங்கம் என்றைக்காவது தன் தவறை ஒப்புக்கொண்டதுண்டா?

தோழர்களே! நட்சத்திரங்களைப் படித்துச் சொன்னவர்கள் பெண்கள். அந்த நட்சத்திரத்தின் பேரைச் சொல்லியா நம் பெண்களை மூலையில் உட்கார வைப்பது? இனிப் பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தைக் கேளாதீர்கள். அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள்.