ஊர்க் காவல்: எது நம் கடமை, எது நம் எல்லை?

(மக்தப் மத்ரஸா கூடத்தில், இஷா தொழுகைக்குப் பின் நடந்த ஊர்ப் பொதுக்கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்தக் கூடத்தில் நாங்கள் எழுந்து நின்றால், படிப்பு உதவித்தொகைக் கணக்கோ, ரமலான் அரிசி விநியோகமோதான் பேச்சாக இருக்கும். இன்று பேசப்போவது திருட்டைப் பற்றி. அதைவிட முக்கியமாக, திருட்டைத் தடுக்கப் போய் நாம் செய்த தவறுகளைப் பற்றி. கசப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வாரத்துக்குள் மூன்று வீடுகள். மூன்றுமே ஆண்பிள்ளைகள் சபுராளிகளாக வெளிநாட்டில் இருக்கும் வீடுகள். மூன்றாவது வீட்டில் போனது, ஒரு பெண் பிள்ளையின் நிக்காஹ்வுக்காக அவள் அண்ணன் தம்மாமில் வெயிலில் நின்று சேர்த்த பதினோரு பவுன். அந்தத் தாய் பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையை நாம் யாரும் மறக்கவில்லை.

முதல் வீட்டார் காவல் நிலையத்துக்கே போகவில்லை. "நம் வீட்டுப் பெண்கள் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதா?" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். இரண்டாம் வீட்டார் போனார்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்காமல் திரும்பி வந்தார்கள். முதல் திருட்டே முறையாகப் பதிவாகியிருந்தால் மூன்றாவது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தடுக்கும் வாய்ப்பை நாமே கைவிட்டோம் என்பது உண்மை.

அதன் பிறகு நம் இளைஞர்கள் இரவுக் காவலுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் நோக்கத்தில் குறையில்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பனியில் விடிய விடியக் கண் விழித்தவர்கள் அவர்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கண்மாய்க் கரையில் ஒருவரைப் பிடித்தார்கள். பாஷை புரியவில்லை. கையில் ஒரு பை. மின்கம்பத்தில் கட்டினார்கள், அடித்தார்கள். தஹஜ்ஜுத் தொழ எழுந்து வந்த நம் மோதினார் குறுக்கே விழுந்து தடுத்த பிறகுதான் பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு காலி மருந்துப் புட்டி. அவர் இறால் பண்ணையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர். பிள்ளைக்குக் காய்ச்சல். அதே மருந்து எங்காவது கிடைக்குமா என்று அந்த நேரத்தில் தேடி அலைந்திருக்கிறார்.

மோதினார் அன்று தாமதமாக எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது நமக்குத் தெரியும். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அடித்தவர்கள் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். ஊரைக் காக்கிறோம் என்று நம்பியவர்கள். அவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்று ஸூரா ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. ஓதுகிறோம். அந்த இரவில் அது நம் நினைவில் இல்லை.

சரி, உண்மையில் திருடியது யார்? வெளியூர் ஆட்கள் இருவர். எந்த வீட்டில் ஆண் இல்லை, எந்த வீட்டில் நகை இருக்கிறது என்று துப்புச் சொன்னவன் நம் மஹல்லாவின் பிள்ளை. பத்தொன்பது வயது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பிள்ளை பள்ளிவாசல் உண்டியலில் கை வைத்தபோது, விஷயம் எங்களிடம்தான் வந்தது. "ஜமாஅத் பெயர் கெட்டுவிடும், வெளியே போக வேண்டாம்" என்று நாங்கள் முடிவு செய்தோம். வாப்பா இல்லாத பிள்ளை என்று இரக்கப்பட்டோம். பணத்தை நாங்களே போட்டு உண்டியலைச் சரிசெய்தோம். அவன் போதை மாத்திரைக்குப் பழகியிருந்தான் என்பதை விசாரிக்கவே இல்லை. ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை, ஒரு வேலையில் சேர்த்துவிடவில்லை. மூடிவிட்டோம், அவ்வளவுதான். அதை ஸத்ரு என்று, பிறர் குறையை மறைக்கும் நற்செயல் என்று நினைத்துக்கொண்டோம். ஒருவருடைய தனிப்பட்ட குறையை மறைப்பது வேறு, அடுத்தவர் வீட்டுக்கு வரப்போகும் ஆபத்தை மறைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அந்தப் பதினோரு பவுனில் பாதிதான் மீண்டது. மீளாத பாதியில் எங்களுக்கும் பொறுப்பு உண்டு.

நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை ஹஜ்ரத் பலமுறை பயானில் சொல்லியிருக்கிறார்கள். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காக அடியில் துளை போட நினைக்கிறார்கள். மேல்தட்டில் இருப்பவர்கள் அவர்கள் கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கவனியுங்கள், துளை போடுகிறவனைக் கடலில் தள்ளச் சொல்லவில்லை. கையைப் பிடிக்கச் சொன்னார்கள். நாமோ முதலில் பிடிக்காமல் விட்டோம், பிறகு தவறான கையைப் பிடித்தோம்.

இனி செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

கிராமத்துக்குக் காவல் என்பது புதிதல்ல. ஒரு காலத்தில் தலையாரி இருந்தார், கிராம முன்சீப் இருந்தார். ஊரில் புதிய ஆள் வந்தால் அவர்களுக்குத் தெரியும். 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. தலையாரி வேலை கிராம உதவியாளர் என்று வருவாய்த் துறைக்குள் போனது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதே. ஆனால் ஊரை முகம் முகமாக அறிந்த ஒரு கண் இல்லாமல் போனது.

அந்த இடத்தை நிரப்பும் முயற்சி ஒன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1993-இல் இங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பை ஆரம்பித்தார். பொதுமக்களில் நல்லவர்கள் காவலருக்குத் துணை நிற்பது என்பது யோசனை. மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, காவல்துறை நண்பர்கள் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அந்த அமைப்பை அரசு நிறுத்திவைத்தது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள். மக்கள் துணையில்லாமல் காவல் நடக்காது. அதே சமயம், பொறுப்புக் கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னார்வலர் கையில் லத்தியைக் கொடுத்தால் அது காவலாக இருக்காது.

காவல்துறை மீது நம் மக்களுக்கு அச்சமும் பழைய கசப்பும் உண்டு. காரணமில்லாமல் வந்த கசப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் ஒதுங்கி நின்றதால் நமக்கு என்ன கிடைத்தது? நம்மை அறியாத காவலரும், நம் வீட்டை நன்கு அறிந்த திருடனும்தான். கேரளத்தில் 2008 முதல் ‘ஜனமைத்ரி’ என்று ஒரு திட்டம் நடக்கிறது. பீட் காவலர் வீடு வீடாகச் சென்று மக்களோடு பழகுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிய காவலரிடம்தான் மக்கள் தகவல் சொல்வார்கள். நம் ஊருக்கும் ஒரு பீட் காவலர் உண்டு. அவர் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று பேர்! மேலத்தெருவில் கேட்டாலும் இதே கணக்குதான் என்று நினைக்கிறோம்.

சட்டத்தில் நாம் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. தாய்மார்களும் கவனமாகக் கேட்க வேண்டும்.

திருட்டு, கொள்ளை போன்ற பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்ததாகப் புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, எந்தக் காவல் நிலைய எல்லையில் குற்றம் நடந்தது என்று பார்க்காமல் எங்கும் புகார் கொடுக்கலாம். இணையவழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். அளவுக்குப் போகாத மனுவாக இருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 60 வயது கடந்த ஆண்களையும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். "ஸ்டேஷன் வாசலை மிதிப்பதா?" என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

இளைஞர்களுக்கு ஒன்று. நம் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, பிடியாணை வேண்டாக் குற்றம் செய்பவனைப் பொதுமக்கள் பிடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தாமதமில்லாமல், ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சந்தேகத்தின் பேரில் பிடிக்கவோ, கட்டிவைக்கவோ, அடிக்கவோ நமக்கு உரிமையில்லை. அடித்தால் வழக்கு நம் மீதுதான். ஒரு வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று இங்கே வளைகுடாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அறக்கட்டளையின் யோசனைகள் இவை. கூட்டம் ஒப்புக்கொண்டால் வரும் மாதமே தொடங்கலாம்.

முதலாவது, பள்ளிவாசல் தெருவுக்குத் தனிக் காவல் வேண்டாம். மேலத்தெருவும் கீழத்தெருவும் நாமும் சேர்ந்து ஒரே குழு. ஒவ்வொரு இரவும் எல்லாத் தெரு ஆட்களும் கலந்தே போக வேண்டும். திருடனுக்குத் தெரு பேதம் இல்லை. காவலுக்கு மட்டும் எதற்கு?

இரண்டாவது, குழுவினரின் பெயர்ப் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கும். கையில் டார்ச், விசில், கைபேசி மட்டும். கம்பு கிடையாது. புதியவரைக் கண்டால் மரியாதையாகக் கேட்பது, தேவைப்பட்டால் 112-ஐ அழைப்பது, அத்துடன் நம் வேலை முடிந்தது.

மூன்றாவது, தெருமுனைகளில் எரியாத விளக்குகளுக்கு ஊராட்சியில் மனு கொடுத்து, எரியும்வரை பின்தொடர்வது. கண்காணிப்புக் கேமரா நான்கு இடங்களில் வைக்கலாம், செலவில் ஒரு பங்கை அறக்கட்டளை ஏற்கும். அது தெருவைப் பார்க்க வேண்டும், யார் வீட்டு வாசலையும் பார்க்கக் கூடாது.

நான்காவது, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் பீட் காவலரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் போவது. "உம்ராவுக்குப் போகிறோம்" என்று ஸ்டேட்டஸ் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். கைபேசி வழியாகப் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது, இது கண்காணிப்புக் குழுவே தவிர, ஒழுக்கத்தை வேவு பார்க்கும் குழு அல்ல. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனத்து வீதிகளில் இரவில் நகர்வலம் வந்தவர்கள். ஒருமுறை ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளே மது அருந்தியவரைக் கண்டித்ததாகவும், "நான் செய்தது ஒரு தவறு. நீங்கள் துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை, ஆக மூன்று" என்று அவர் சொன்னதும் கலீஃபா திரும்பிப் போனதாகவும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அமீருல் முஃமினீனுக்கே அந்த எல்லை என்றால், கையில் டார்ச் வைத்திருக்கும் நமக்கு எவ்வளவு? யார் யாரோடு பேசினார்கள், யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்பது குழுவின் வேலை இல்லை. வீட்டுக்குள் ஒரு பெண்ணின் அலறல் கேட்டால் மட்டும் அது ‘குடும்ப விஷயம்’ அல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சகோதரிகள் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

ஆறாவது, இதுதான் எங்களுக்கு மிக முக்கியம். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள், போதைக்குப் பழகிய பிள்ளைகள் யார் யார் என்பது நமக்குத் தெரியும். அவர்களைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகவும், தொழிற்பயிற்சியில் சேர்க்கவும் அறக்கட்டளை ஒரு தனி நிதி ஒதுக்குகிறது. இந்த முறை மூடமாட்டோம். குற்றம் நடந்தால் காவல் நிலையத்துக்கும் போவோம், பிள்ளையின் கையையும் விடமாட்டோம்.

கடைசியாக இரண்டு குடும்பங்களைப் பற்றி. துப்புச் சொன்ன அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு மாதாந்தர அரிசியை நிறுத்த வேண்டும் என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். நிறுத்தமாட்டோம். அந்தத் தாய் என்ன திருடினார்? மகன் ஜாமீனில் வந்திருக்கிறான். வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும், தீர்ப்பை நீதிமன்றம் சொல்லும். அவன் ஜும்ஆவுக்கு வந்தால் ஸஃப்பில் இடம் விடுங்கள்.

இன்னொன்று, அந்த ஒடிசாச் சகோதரர். நாங்கள் ஐந்து பேர் இறால் பண்ணைக்குப் போனோம், அன்றிரவு அடித்த பிள்ளைகளில் இருவரும் கூட வந்தார்கள். மன்னிப்புக் கேட்டோம். வழக்குத் தொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, நாங்கள் தடுக்கமாட்டோம் என்றும் சொன்னோம். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ராத்திரியில் எந்தக் கடையில் மருந்து கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதனால் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். இன்று முதல் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் காய்ச்சல் மருந்தும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். சாவி காவல் குழுவிடம் இருக்கும். இரவில் கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் "என்ன வேண்டும்?" என்று கேட்போம்.

அல்லாஹ் நம் ஊரையும் அண்டை ஊர்களையும் பாதுகாப்பானாக. நம் கையாலும் நாவாலும் எவருக்கும் தீங்கு நேராமல் நம்மையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.