இயலாத உயிரும் இல்லறத்தார் விரதமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பட்ட உரை)



திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு குற்றுயிராய்க் கிடக்கிறது ஒரு நாய். அவ்வழியே வந்த சீவகன் அதைக் கடந்து செல்லாமல் நின்று, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் அவனுக்கு உற்ற துணையாகிறது. கேட்போர் பலரும் நாய் தேவனானதையே நினைவில் வைத்துள்ளனர். சீவகன் நின்றதை நினைப்பவர் சிலரே.

இறக்கும் நாய்க்குச் சிறு பொழுது நின்றால் போதும். இறக்காமல், எழுந்து நடக்கவும் இயலாமல் கிடக்கும் நாய்க்கு ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். குட்டியாய் வந்தபோது பிள்ளைகள் போட்டியிட்டுத் தூக்கிய நாய், முதுகுத்தண்டு பழுதாகிப் பின்னங்கால்களை இழுத்துத் திரியும் நாளில் யாருடைய பொறுப்பு? கண் மங்கிய பூனை எதிரே வருவது தெரியாமல் முட்டிக்கொள்ளும்போது அது யாருடைய வேலை? கொல்லாமை விரதம் பூண்ட இல்லத்திலும் இக்கேள்வி எழுகிறது.

இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்கள் நேரக்கூடும் என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்தார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும் இவற்றை விலக்கச் சொல்கிறது. ஐந்தும் வீட்டில் வாழும் விலங்கைக் கண்முன் நிறுத்தி எழுதியவை போலவே உள்ளன.

முதலாவது, கட்டுதல். கயிற்றால் பிணிப்பது மட்டுமே கட்டு என்று எண்ணலாகாது. நகர முடியாத விலங்கை ஒரே மூலையில் ஒரே பக்கமாகக் கிடக்க விடுவதும் கட்டே. எலும்பு தரையில் அழுந்தும் இடத்தில் தோல் சிவந்து புண்ணாகி, நாளடைவில் ஆழமாகிறது. மெத்தென்ற, ஈரமற்ற படுக்கையும், சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும் அதைத் தடுக்கும். தானே சிறுநீர் கழிக்க இயலாத நாய்க்கு நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அம்முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்ட பின்னரே செய்தல் வேண்டும்.

இரண்டாவது, அடித்தல். செவி கேளாத நாய் அழைத்தால் வராது. அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிக்கின்றனர். உறங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். அதற்கும் அடி விழுகிறது. அதன் கண்ணுக்கு எதிரே வந்து கைச் சைகையால் அழைத்தால் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். பார்வையற்ற விலங்குக்கோ தொடுமுன் குரல் கொடுக்க வேண்டும். கட்டிலையும் நாற்காலியையும், சோற்றுத் தட்டையும் நீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாதிருந்தால், அது வீடு முழுவதையும் மோப்பத்தாலும் நினைவாலும் அளந்து நடமாடும்.

மூன்றாவது, உறுப்பறுத்தல். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுவது நேரடியான குற்றம். தரையில் இழுபடும் காலில் தோலுரிந்து சீழ் வைக்கும்வரை பாராதிருப்பதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. நோய் முற்றிய பின் உயிரைக் காக்க மருத்துவர் காலை அகற்றுவது சிகிச்சை. முற்றும்வரை விட்டது வீட்டாரின் தவறு.

நான்காவது, மிகுபாரம். வண்டி இழுக்காத நாய்க்குப் பாரம் ஏது என்று தோன்றலாம். மூன்று காலில் நடக்கும் நாய்க்கு அதன் உடற்கொழுப்பே பாரம். பரிவு என்று எண்ணி ஊட்டும் இனிப்பும் நெய்யும் எஞ்சிய மூட்டுகளை நோகச் செய்கின்றன. வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு இடுவதே மெய்யான பரிவு. சக்கர வண்டி பூட்டினால் தொடக்கத்தில் சில நிமிடங்களே போதும். அதிலேயே விட்டுவிட்டு வெளியே செல்லலாகாது.

ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். இங்கே நல்லோரும் தவறுகின்றனர். நோன்பு மனிதர் தாமே விரும்பி ஏற்பது. விரும்பி ஏற்க அறியாத உயிரின் மேல் அதைச் சுமத்தினால் அது பட்டினி. சர்க்கரை நோயுற்ற நாய்க்குப் பொதுவாகப் பன்னிரண்டு மணி இடைவெளியில் நாளுக்கு இருமுறை இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உணவும் வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத இல்லத்திலும் அந்த நாய்க்கு உரிய வேளையில் உணவு வைப்பது விரதத்துக்கு ஊறாகாது; வைக்காமல் இருப்பதே ஊறு.

எல்லா உயிரையும் அரவணைக்கும் மரபு இம்மண்ணுக்குப் பழையது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் செய்த மருத்துவ ஏற்பாடுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர் நாடுகளையும் குறிப்பிடுகிறது. மும்பையில் 1834இலும் சென்னையில் 1906இலும் பிஞ்சராபோல்கள் தோன்றின. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது. இவற்றுக்கு வழங்கும் ஜீவதயை நன்கொடை போற்றத்தக்கதே.

ஆயினும் இவ்வில்லங்கள் ஆதரவற்ற உயிர்களுக்காக எழுந்தவை. பத்தாண்டு ஒரே வாசலைக் காத்த நாய், கால் விழுந்த மறுவாரம் ஆதரவற்றதாக ஆகிவிடுவதில்லை, ஆக்கப்படுகிறது. நன்கொடைச் சீட்டோடு அதையும் கொண்டுபோய் ஒப்படைப்பவர் பொருளைக் கொடுத்து விரதத்தை இழக்கிறார். தக்க காரணமின்றி விலங்கைக் கைவிட்டுப் பசிக்கும் வலிக்கும் ஆளாக்குவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமென்றே சொல்கிறது.

பணிச்சுமை ஒருவர் தோளில் விழும்போதே சலிப்பு பிறக்கிறது. பெரும்பாலும் அது அவ்வீட்டுத் தாயின் தோள். காலை மருந்து ஒருவருக்கு, புரட்டிப் படுக்க வைப்பது இன்னொருவருக்கு, மாலை துடைத்துத் தூய்மை செய்வது பிள்ளைகளுக்கு எனப் பங்கிட்டால் எவருக்கும் பாரமாகாது. வெளியூர் செல்லும் குடும்பத்தின் விலங்கைப் பக்கத்து வீட்டார் இரண்டு நாள் பார்த்துக்கொள்வதும் ஜீவதயையே. அதற்கு ரசீது கிடையாது.

கண் இழந்த நாயின் உயிர், கண்ணுள்ள நாயின் உயிரைவிடக் குறைந்ததன்று. உடல் குறையுறும், சீவன் குறையுறாது. பகவான் மகாவீரரின் திருநாளில் இல்லம் திரும்புவோர், வாசலில் எழுந்து வந்து வாலாட்ட இயலாமல் உள்ளே கிடக்கும் உயிரின் அருகே சற்றே நின்று, அதன் நீர்க் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாக.

ஜெய் ஜினேந்திர.